சித்தப்பா காலைத் தூக்கினா

அந்த ஸ்பேனரைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க அண்ணாச்சி, அப்புறமாச் சிரிச்சுக்கிடலாம். நான் ஆவி, அருள்வாக்குன்னு எதையும் நம்புத ஆளு இல்லேன்னு உங்களுக்கே தெரியும், பேய் வருதுன்னா பின் சீட்டு காலியாத்தான் கெடக்கு ஏறச் சொல்லுன்னு கேலி பண்ணுதவன். அந்த நானே சொல்லுதேன்.

என் தம்பி கல்யாணத்துக்கு முன்னால இதே காரை இதே ஷெட்டுக்குக் கொண்டாந்து, முன்னால இடது பக்கம் லேசா 'டக்'குன்னு சத்தம் வருதுன்னு சொன்னேன்லா? நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல போங்கன்னுட்டீய. நானும் போயிட்டேன்.

பொண்ணு ஊரு வாசுதேவநல்லூர். காலையில முகூர்த்தம். பின்னால பட்டு வேட்டியில மாப்பிள்ளை, பக்கத்துல அத்தை, எனக்கு இடப்பக்கம் முன் சீட்டுல சித்தப்பா, பேட்டரி தீர்ந்த காது மிஷினைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு. கிளம்பவே லேட்டு, நான் அழுத்தி மிதிக்கேன். புளியங்குடி தாண்டி நேர் ரோடு வந்ததும் சித்தப்பா சடார்னு ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வச்சிக்கிட்டு, "ஏலே, காலுக்கடியில என்னமோ சீறுதுலே"ன்னாரு.

பார்த்தா எங்களுக்கும் கேக்கு, ஸ்ஸ்ஸ்னு. நம்பினா நம்புங்க. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா ஒண்ணையும் காணோம். ஆனா நம்ம சங்கரன்கோவில்காரனுக்கு 'ஸ்ஸ்'னா பாம்பைத் தவிர வேற என்ன தோணும்? அத்தை நடு ரோட்டுல நின்னு கோயில் இருக்க திசையைப் பார்த்துக் கும்பிட்டா. "ஆத்தா கோமதி, வெள்ளியில நாகர் வாங்கி உண்டியல்ல போடுதேன், பிள்ளை தாலி கட்டட்டும்"னு நேந்துக்கிட்டு, என்கிட்ட, "மெதுவாப் போலே, சுருண்டு கெடக்கதை எழுப்பிராத"ங்கா.

அப்புறம் எங்க ஓட்ட? உருட்டுதேன். வேகம் எடுத்தா சீறுது, குறைச்சா நின்னுருது. ஒரு ஆட்டு மந்தை எங்களை முந்திப் போச்சு அண்ணாச்சி! பொண்ணு வீட்டுல இருந்து போன் மேல போன். முகூர்த்தம் தப்பிட்டா ரெண்டு வீட்டுக்கும் என்ன பதில் சொல்ல? தம்பி சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, "நான் தாலி கட்டதுக்குள்ள கெழவனாயிருவேன் போல"ங்கான்.

நல்ல நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில மண்டபத்துல போய் நிப்பாட்டினேன். கதவைத் திறந்த தம்பி மணமேடைக்கு ஒரே ஓட்டம்.

கல்யாணத்துக்கு வந்திருந்த அந்த ஊரு மெக்கானிக் ஒருத்தர் பாம்பைப் பாக்க லைட்டடிச்சுக் குனிஞ்சவரு, விழுந்து விழுந்து சிரிச்சாரு. "பாம்பு இல்லவே, உம்ம இடது முன் சக்கரத்து ஸ்பிரிங்கு ரெண்டா முறிஞ்சி கெடக்கு." துருப்பிடிச்சிருக்கலாம், ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சதா இருக்கலாம், ஆளை அள்ளிப் போட்டு ஓட்டினதா இருக்கலாம், எப்பவோ விழுந்த கீறல் இன்னைக்கு விட்டுருச்சுன்னாரு. முறிஞ்ச முனை டயரைத் தொடுதாப்புல நிக்கி. வேகமா வந்திருந்தா டயரைக் கிழிச்சு வண்டி உருண்டிருக்கும்னு சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு நின்னு போச்சு.

"அப்போ அந்தச் சீறல்?"னு கேட்டேன். "ஸ்பிரிங்கு முறிஞ்சா தட்டும், சீறாது"ன்னாரு. டயர்ல காத்தும் இறங்கலை.

சரின்னு உள்ள போறேன். தாலி கட்டுதான், கெட்டி மேளம் மண்டபத்தையே தூக்குது. மேளக்காரர் பக்கத்துல உக்காந்திருந்த சித்தப்பா என் கையைப் பிடிச்சு இழுத்து, "ஏலே, மேளக்காரனுவ இன்னும் வரலையா?"ன்னு கேட்டாரு. மிஷின் இல்லேன்னா இடி விழுந்தாலும் கேக்காத மனுஷன், அந்த 'ஸ்ஸ்'ஸை எங்க எல்லாருக்கும் முன்னால எப்படிக் கேட்டாரு?

அத்தை நாகரை உண்டியல்ல போட்டாச்சு. புது ஸ்பிரிங்கும் மாட்டியாச்சு. அன்னையில இருந்து சித்தப்பாவை முன் சீட்டுலதான் உக்கார வைக்கேன்.

இப்ப நீங்க வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு ஒண்ணுமில்லங்கீய. இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா சித்தப்பா இன்னும் வண்டியை விட்டு இறங்கலை, அங்க பாருங்க, காலை எங்க வச்சிருக்காருன்னு.