வசவுக்கு ஒரு மஞ்சள் கார்டு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் சுபாஷுக்கு உட்கார நேரமிருக்காது. ஐந்தருவி போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு அவன்தான் ஆள். போன சீசனில் ஒரு நாள் நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கொதிக்கிற எண்ணெய் தெறித்து அவன் மணிக்கட்டில் விழுந்தது. கையை உதறக்கூட இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த காயைச் சீவ எடுத்தான்.

"வலிக்கலையாலே?" என்றேன்.

"வலிக்கும்போல இருக்கு அண்ணாச்சி" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தன் கையைப் பற்றி எவன் வீட்டுச் சங்கதியோ மாதிரி ஒருத்தன் சொன்னால் வேறென்ன வரும்.

அவன் அச்சன்புதூர்க்காரன். வயல் பார்க்கும் குடும்பம். அண்ணன் ராணுவத்தில், சித்தப்பா போலீசில். இவனும் போலீசுக்குப் போய் நின்றான், உயரம் பத்தவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கபடியில் யாரும் உயரம் கேட்கவில்லை. பாடிப் போனான் என்றால் ஒருத்தனையாவது தொடாமல் திரும்ப மாட்டான். ரெய்டு என்று டிவியில் சொல்வதை நாங்கள் பாடிப் போவது என்போம். ஒரே மூச்சில் கபடி கபடி என்று பாடிக்கொண்டே எதிராளி களத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். பாட்டு நின்றால் அவுட்.

அதில்தான் எங்கள் ஊர்ப் பயல்களின் குசும்பு. பாடிப் போகிறவனால் பதில் பேச முடியாது அல்லவா? பிடிக்க நிற்பவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அம்மாவை இழுப்பார்கள், சாதியை இழுப்பார்கள், வீட்டில் செத்தவர்களைக்கூட விடமாட்டார்கள். ரோஷம் வந்து ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னான் என்றால் பாட்டு அறுந்தது, ஆள் வெளியே. இதை ஒரு திறமை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். தென்காசியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையானால் விசிலோடு நடுவராகப் போய்விடுவேன். இந்தக் காதால் கேட்ட வசவை எந்த அருவியில் கழுவினாலும் போகாது.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் சுபாஷ் சுரண்டையில் ஒரு ஃபைனலில் ஆடிக்கொண்டிருந்த அன்று, அவன் மனைவி ஆவுடைத்தாய்க்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. காலையில் அவள்தான், "சாதாரணக் காய்ச்சல்தான், ஜெயிச்சிட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள். அவன் போன் பையில் கிடந்தது. ஆட்டம் முடிந்து கப்போடு போட்டோவுக்கு நின்றுவிட்டு எடுத்துப் பார்த்தபோது அவளைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இவன் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

சவ அடக்கத்தன்றே அவள் வீட்டார் குழந்தை அபர்ணாவை வீரகேரளம்புதூருக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். நடை பழகிய பிள்ளை. பதினாறு கழிந்து பார்க்கப் போனவனை மாமியார், "எம்மவளச் சாகவிட்டு ஆடப் போனவனுக்கு இங்க என்ன வேல" என்று வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவன் போகவே இல்லை. "போய் நில்லுலே, ஒன் பிள்ளைதானே" என்று நானே ஏசியிருக்கிறேன். "அவுக சொல்லுததுல தப்பு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி" என்பான். அவ்வளவுதான். அழுதும் நான் பார்த்ததில்லை.

ஆனால் கபடியை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஞாயிறு வந்தால் கால் தானாக மைதானத்துக்கு வரும். வீரகேரளம்புதூர் அணியில் இடது மூலையில் நின்று பிடிக்கிறவன் விஜயசங்கர், ஆவுடைத்தாயின் தம்பி. அக்கா இருந்தபோது அத்தான் அத்தான் என்று இவன் பின்னாலேயே சுற்றி ஆட்டம் கற்றவன். இப்போது சுபாஷ் பாடி வரும்போதெல்லாம், "அக்காளக் கொன்னுட்டுக் கப்பு வாங்குன பயதானலே நீ" என்பான். சுபாஷின் பாட்டு ஒரு தடவைகூட நின்றதில்லை. தொட்டுவிட்டுத் திரும்பி வருவான். கல்லை ஏசினாலும் ஒன்றுதான், இவனை ஏசினாலும் ஒன்றுதான் என்று ஜனம் பேசிக்கொண்டது.

போன கோடையில் வேறொரு ஆட்டத்தில் வசவு முற்றி ரெண்டு மண்டை உடைந்தது. அதற்கப்புறம்தான் எங்கள் கமிட்டிக்குப் புத்தி வந்தது. எதிராளியை ஏசினால் மஞ்சள் கார்டு, ஏசினவன் வெளியே உட்கார வேண்டும், ஏச்சு வாங்கிய அணிக்கு ஒரு பாயின்ட். வசவால் பாட்டு நின்றால் அவுட் கிடையாது. சத்தத்தில் நடுவருக்குக் கேட்கவில்லையென்றால் பாடிப் போனவனைக் கேட்கலாம், அவன் சொல்வதே முடிவு. இந்தக் கடைசி விதியை நான் வேண்டாம் என்றேன். எவனாவது உண்மை சொல்வானா? ஆரம்பத்தில், "என்னைப் பார்த்து மொறைச்சான், மனசுக்குள்ள ஏசினான்" என்றெல்லாம் வந்து நின்றார்கள்.

இந்த ஆடியில் அச்சன்புதூர் மைதானத்தில் ஃபைனல். அச்சன்புதூரும் வீரகேரளம்புதூரும். நான்தான் நடுவர். சாரல் விழுந்து மண் குழைந்து கிடந்தது. கடைசி ரெய்டு வரை ரெண்டு பக்கமும் சமம். சுபாஷ் பாடிப் போனான். கூட்டம் போட்ட சத்தத்தில் என் விசிலே எனக்குக் கேட்கவில்லை. இடது மூலைக்கு அவன் போனதையும், விஜயசங்கர் குனிந்தபடி வாயசைத்ததையும் பார்த்தேன்.

சுபாஷின் பாட்டு நின்றது.

அவனை யாரும் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். மைதானமே அடங்கிப்போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த விஜயசங்கர் இன்னும் அந்தச் செத்தவளை விடவில்லையே என்று மஞ்சள் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

"என்னலே சொன்னான்? வாயத் திறந்து சொல்லு. கப்பு ஒங்களுக்குத்தான்."

சுபாஷ் என்னைப் பார்க்கவில்லை. "ஏசலை அண்ணாச்சி."

"பின்ன எதுக்குலே நின்ன?"

"அத்தான், பாப்பா ஒங்களக் கேக்குதுன்னு சொன்னான்."

கார்டு கையிலேயே இருந்தது. அவன் அணிக்காரர்கள் நடுக்கோட்டைத் தாண்டி வந்து, "ஏசினான்னு சொல்லுலே, சொல்லித் தொலை" என்று கத்தினார்கள். அவன் மறுபடியும், "ஏசலை" என்றான். விதியில் வசவுக்குத்தான் தண்டனை இருக்கிறது. நான் விசில் ஊதினேன். பாட்டு நின்றது, அவுட், பாயின்ட் வீரகேரளம்புதூருக்கு.

அவர்கள் வெடி போட்டார்கள். நான் விஜயசங்கரைத் தனியாகப் பிடித்தேன். "அவன் பாட்ட நிறுத்தத்தானலே அதச் சொன்ன?"

அவன் மறைக்கவில்லை. "ஜெயிக்கத்தான் சொன்னேன் அண்ணாச்சி. ஏசத்தான் முடியாதே இப்போ. ஆனா பொய் சொல்லல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நாளா எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் கெடந்துச்சு" என்றான்.

கூட்டம் கலைந்தபோது சுபாஷ் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு நின்றான். விஜயசங்கர் பைக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். கழுத்தில் ஜெயித்த மாலை அப்படியே இருந்தது. வீரகேரளம்புதூர் போனால் மாமியார் கதவைத் திறப்பாளா என்று ஒருத்தனும் கேட்கவில்லை, ஒருத்தனும் சொல்லவில்லை.

"என்னைப் பாத்தா அவளுக்கு அடையாளம் தெரியுமாலே?" என்று சுபாஷ் கேட்டான்.

"தெரியாது அத்தான்" என்றான் விஜயசங்கர். "கேக்க மட்டும் செய்யுது."

சுபாஷ் தலையாட்டினான். ஈரக்காலோடு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.