வெள்ளிக்கிழமைப் பணிஸும் என் யோசனையும்

கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரி. வெள்ளவத்தையில் ஒரு கேக் கடை. தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோக்கள். கடல் தெரிகிற தொடர்மாடியில் ஒரு வீடு. டொக்டரான மகன், வங்கியில் மனேஜராக இருக்கிற மகள். இவ்வளவையும் கட்டியவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதல் கடை எரிந்தது. அதே இடத்தில் இரண்டாவது கடையை எழுப்பினேன். கோதுமை மா கிடைக்காத காலம் வந்தது. குரக்கன் மாவில் பணிஸ் என்கிற இனிப்புப் பன் போட்டு விற்றேன். காஸ் இல்லாமல் ஊரே வரிசையில் நின்றபோது, மூடிக் கிடந்த விறகுப் போறணையை மறுபடியும் மூட்டி, விடிய முதல் சுடச்சுடப் பாண் கொடுத்தேன். 'இவனால் ஏலாது' என்று சொன்னவர்கள் எல்லாரும் என் பாணைத்தான் சாப்பிட்டார்கள்.

இந்தக் கணக்கில் இன்னும் ஒன்று சேர வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு குறிக்கோளை வைத்து, விழுந்து எழும்பி, அதை எட்டிப் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள். அதைக் கட்டியதிலும் என் கை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை பார்த்தது மகள். சொல் எல்லாம் என்னுடையது.

என் மகளின் மகள் அந்த வகுப்பில் படிக்கிறாள். பின்னேரம் அவளைக் கூட்டி வருவது என் வேலை. ஒருநாள் போய் நின்றால், வகுப்பு ரீச்சர் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி இருந்தா. மாளிகாவத்தையிலிருந்து பஸ் ஏறி வருகிற இளம் பிள்ளை. படிப்பிப்பதில் அவவுக்கு இருந்த ஆசையை நான் வேறு ஒருவரிடமும் கண்டதில்லை.

"என்ன ரீச்சர், முகம் ஒரு மாதிரி?"

"இதக் கொஞ்சம் பாருங்க அங்கிள். இந்தத் தவணைக்கு உங்களுக்கு உங்களுக்கெண்டு ஒரு குறிக்கோள் யோசிச்சி எழுதிட்டு வாங்க எண்டு சொன்னேன். எல்லாரும் ஒரே வசனத்த எழுதீக்கிறாங்க!"

பார்த்தேன். 'நான் புலமைப்பரிசில் பரீட்சையில் அதிகூடிய புள்ளிகளைப் பெற்று, பெற்றோருக்கும் பாடசாலைக்கும் பெருமை சேர்ப்பேன்.' எல்லாத் தாளிலும் அதே வசனம், கமா கூட மாறவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஒரே ரியூசனுக்குப் போகிறவர்கள். அங்கே இருக்கிற மாஸ்டர், குறிக்கோளுக்கும் ஒரு மாதிரி விடை சொல்லி எழுதவைத்துவிட்டார். அம்மாமார் அதைப் பாடமாக்கியும் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் கேள்வி என்று எதைக் கண்டாலும் முதலில் தேடுவது மாதிரி விடையைத்தான்.

"அதிபர் மேடம் சொல்லிட்டாங்க அங்கிள். வெள்ளிக்கிழமை அர மணித்தியாலம் இதுக்குத் தந்தது. தவண முடிவுல பெற்றோர் கூட்டத்துல ஒண்ணும் காட்டேலாட்டி, அந்த அர மணித்தியாலத்த கணக்குப் பாடத்துக்குக் குடுத்துருவாங்க."

அந்த அரை மணித்தியாலத்தை அவ எப்படிக் கெஞ்சி வாங்கினா என்பது எனக்குத் தெரியும். என் பேத்திக்கும் அது வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு பழக்கம்: எழுத்து ஒன்று பிழைத்தால் அழிறப்பரை எடுத்துத் தேய்ப்பாள், தாள் கிழியும் மட்டும் தேய்ப்பாள், பிறகு பக்கத்தையே கிழித்து எறிவாள். கொப்பி மெலிந்துகொண்டே போகும். பிழை விட்டதை ஒருவரும் காணக்கூடாது. இந்த வயதிலேயே அப்படி ஒரு பயம்.

நான் அதே இடத்தில் சொன்னேன்: "ரீச்சர், எழுத்தை விடுங்கோ. வாற வெள்ளிக்கிழமை நான் மா கொண்டு வாறன்."

"மாவா?"

"ஓம். குழைச்ச மா."

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பேக்கரியில் வேலை பழகின காலத்தில் எனக்கு எழுத வராது. எதில் பிழைத்தேன், அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்று மற்றவர்கள் எழுதி வைக்கலாம். நான் என்ன செய்ய? பணிஸையே வைத்தேன். பிழைத்துப்போன பணிஸை மறுபடி மெல்லிய சூட்டில் போட்டு ரஸ்க் மாதிரிக் காயவைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது. மா மூட்டைக்கு மேலே தட்டில் அதை வைப்பேன். அடுத்த கிழமை போடுகிற பணிஸை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கைதேர்ந்த மூத்த வேலைக்காரரான பாஸ்மாரின் பணிஸோடு ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. என் பணிஸை என் பணிஸோடுதான். இன்றைக்கும் என் பேக்கரியில் புதிதாகச் சேருகிற எவருக்கும் அதுதான் முதல் பாடம். இதை எனக்கு ஒரு பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய கொட்டாஞ்சேனையில் மாவைக் குழைத்து, ஓட்டோவில் ஏற்றி, காலி வீதி நெரிசலுக்குள்ளால் கொண்டுபோய் இறக்கினேன். போறணை பார்க்கிற பாஸ், என்னோடு பல காலமாக இருக்கிற சிங்கள மனிதர், வாசலில் நின்று சிரித்தார்.

"மொகத முதலாளி, இஸ்கோலெட்டத் பேக்கரியக் தானவத?" பள்ளிக்கூடத்திலும் பேக்கரி போடப் போகிறீர்களா என்று கேட்கிறார்.

"ஓவ், ஓவ்!" என்று நானும் சிங்களத்திலேயே ஆமோதித்தேன்.

கிம்புலா பணிஸ் இந்த ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை; அதைப் போலவே நீளமாக, நடு பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி, மேலே சீனி மினுங்கும். பார்க்கச் சுகம், உருட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். மாவை முக்கோணமாகத் தட்டி, மாஜரின் பூசி, அகலப் பக்கத்திலிருந்து சுருட்ட வேண்டும். தளர்வாகச் சுருட்டினால் சூட்டில் வாய் பிளக்கும். முனையை அதிகம் இழுத்தால் கருகும்.

வகுப்பு முழுக்க மா! மேசையில் மா, சப்பாத்தில் மா, ரீச்சரின் பர்தாவிலும் மா. அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பள்ளிக்கூடம் கேட்டிருக்காது.

"அங்கிள், இவன்ட முதலைக்குக் கால் வைச்சிருக்கிறான்!"

"முதலைக்குக் கால் இல்லாமல் என்ன? நீ செய்தது மண்புழு!"

எண்ணெய்த்தாளில் பெயர் எழுதி, அதன்மேல் ஆளுக்கொன்று வைத்தார்கள். தட்டுகளை என் வெள்ளவத்தைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன் சுடச்சுடக் கொண்டுவந்தேன். எல்லாம் கோணல், எல்லாம் பிளவு. பிள்ளைகள் சாப்பிடப் பாய்ந்தார்கள்.

"பொறுங்கோ! பாதியைத்தான் தின்னலாம். மற்றப் பாதி எனக்கு."

அந்தப் பாதிகளைக் காயவைத்து, யன்னலுக்கு மேலே தட்டில் அடுக்கினோம். அடுத்த வெள்ளி வந்தபோது, புதிய பணிஸைப் பழைய பாதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரீச்சர் இடையில் புகுந்து ஒரு கேள்வி போட்டா. அது அவவுடைய கெட்டித்தனம், அதை நான் மறைக்க மாட்டேன்: "போன கிழம ஏலாம இருந்த எது இந்தக் கிழம ஏலும்? அடுத்த கிழம எதப் பாக்கப் போறீங்க?"

பிள்ளைகள் முதல்முறையாகத் தங்கள் சொந்த வசனத்தில் எழுதினார்கள். 'வால் கருகாமல் பார்ப்பேன்.' 'இறுக்கிச் சுருட்டுவேன்.' ஒருத்தன் எழுதினான்: 'சீனியைத் தின்னாமல் பணிஸில் போடுவேன்.' ரீச்சர் அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

பிறகு நான் இன்னும் பெரிதாகச் செய்ய நினைத்தேன். மாவைப் பொதியாகக் கட்டிக் கொடுத்து, வீட்டில் செய்து திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், ஆக வடிவான பணிஸுக்கு மூன்று தட்டுக் கேக் பரிசு என்று அறிவித்தேன். வகுப்பே குதித்தது.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மேசையில் எல்லாம் கச்சிதமான முதலைகள். அதில் ஒன்றைத் தூக்கினேன். திருப்பிப் பார்த்தேன். அடியில் என் போறணைத் தட்டின் கோடு! பிள்ளையின் தாய் வாசலில் நின்றா.

"தங்கச்சி, இந்தப் பணிஸை நான்தானே உங்களுக்கு வித்தனான்?"

அவவுக்கு முகம் சிவந்தது. "என்ன செய்ய அங்கிள்? அவனுக்குச் சரி வரேல்லை. விரிஞ்சு போச்செண்டு ஒரே அழுகை. வெறுங்கையோட எப்படி அனுப்புறது?"

"விரிஞ்சதைத்தான் தங்கச்சி நான் கொண்டு வரச் சொன்னது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் என் பேத்தியின் கையில் ஒன்றும் இல்லை. தான் செய்ததை வழியிலேயே குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். "அது வடிவில்லை, அம்மப்பா" என்றாள். அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது: பரிசு வந்ததும் பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பரிசை வைத்ததும் நான்தான், நிறுத்தியதும் நான்தான். கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். எது பிழை என்று கண்டுபிடிக்க ஒரு ஆய்வுக்குழு தேவைப்படவில்லை. ஒரு பேக்கரிக்காரனின் கண் போதும்.

அதற்குப் பிறகுதான் காரியம் பறந்தது. பணிஸோடு நிற்காமல் பிள்ளைகள் மற்றவற்றுக்கும் போனார்கள். ஒருத்தி பஸ் கொண்டக்டரிடம் சிங்களத்தில் தானே இறங்குமிடம் சொல்லப் பழகினாள். ஒருத்தன் ஏழாம் வாய்பாட்டைத் திக்காமல் சொல்ல. தாய் கடையில் பணிஸ் வாங்கிக் கொடுத்த அந்தப் பையன் சத்தமாக வாசிக்க. ரீச்சர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழி சொல்லிக் கொடுத்தா: இந்தக் கிழமை ஒரு வரி, அடுத்த கிழமை ஒரு பந்தி. என் பேத்தி தன் குறிக்கோளை எனக்குக் காட்டவில்லை. கேட்டால், "கூட்டத்திலை பாருங்கோ" என்பாள்.

பெற்றோர் கூட்ட நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. அதிபர் அம்மா முன்வரிசையில். ரீச்சர் பிள்ளைகளின் வரிசையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தா. அந்த அரை மணித்தியாலம் போகுமா நிற்குமா என்பது இன்றைக்குத் தீரும் என்று அவவுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் காய்ந்த பணிஸ் பாதிகள் வரிசையாக, முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை. கோணலிலிருந்து முதலை வரைக்கும், கண்ணுக்கு முன்னால்!

ஒரு தகப்பன் எழும்பினார். "ரீச்சர், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதாலை மார்க்ஸ் கூடுமோ? பிள்ளையள் பேக்கரிக்கோ போகப் போகினம்?"

மண்டபம் சிரித்தது. நான் எழும்பப் பார்த்தேன். எனக்கு முன்னால் எழும்பியது அந்தத் தாய், என் கடைப் பணிஸை எனக்கே கொண்டு வந்தவ.

"அண்ணை, என்ர மகன் ஒரு சொல்லு பிழைச்சாப் புத்தகத்தை மூடி வைச்சிடுவான். வீட்டிலை அடிபிடிதான். இப்ப பிழைச்சா என்ன சொல்லுறான் தெரியுமே? 'அம்மா, இது போன கிழமைப் பணிஸ், நாளைக்கு வேறை பணிஸ்' எண்டுறான். திரும்பவும் வாசிக்கிறான். மார்க்ஸ் கூடுமோ எண்டு எனக்குத் தெரியாது. வீட்டிலை அழுகை நிண்டிட்டுது."

பிறகு அந்தப் பையன் வாசித்தான். இரண்டு இடத்தில் தடக்கினான், நின்றான், மறுபடி தொடங்கினான், முடித்தான். கைதட்டல் ஓயவில்லை. அடுத்தது என் பேத்தி. கொப்பியைத் திறந்து உயர்த்திப் பிடித்தாள். ஒரு பக்கமும் கிழியவில்லை. வெட்டிய சொற்கள் எல்லாம் வெட்டியபடியே, பக்கத்தில் சரியான சொல். "நான் அழிக்கேல்லை," என்றாள். "பிழை எல்லாம் இருக்கு. பாருங்கோ." சபையில் எல்லாருக்கும் முன்னால் தன் பிழைகளைக் காட்டிக்கொண்டு அப்படி நிமிர்ந்து நின்றாள்! நான் மூக்கைச் சிந்தினேன். மா ஒவ்வாமை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அதிபர் அம்மா மேடைக்கு வந்தா. அரை மணித்தியாலம் நிற்கும் என்றா. அதுமட்டுமல்ல, வருகிற ஆண்டிலிருந்து ஆரம்பப் பிரிவு முழுக்க இது நடக்கும் என்றா. ரீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. நான் எழும்பி நின்று கைதட்டினேன், கடைசியாக நிறுத்தியதும் நான்தான்.

இப்போது மண்டபச் சுவரில் இதற்கென்று ஒரு பலகை எழுதுகிறார்கள். ரீச்சரின் பெயர் வருகிறது, வரத்தான் வேண்டும். அடியில், மூலையில், சின்ன எழுத்தில் 'அனுசரணை' என்று போட்டு என் கடைச் சின்னத்தை வைக்கப் போகிறார்களாம். நான் அதிபர் அம்மாவிடம் நேரே போனேன்.

"ஐயா, அனுசரணை எண்டு போடுறது மரியாதைதானே," என்றா. "மா எல்லாம் நீங்கள்தானே தந்தனீங்கள்."

"மா ஆரும் தரலாம் அம்மா. மா விக்கிற கடை காலி வீதியிலை நிறைய இருக்கு. பாதியைத் தின்னாமல் காயவைச்சு, அவனவன்ட பணிஸை அவனவன்ட பணிஸோடை வைச்சுப் பார்க்கச் சொன்னது ஆர்?"

அவ சிரித்துவிட்டு, யோசிப்பம் என்றா. யோசிக்க ஒன்றும் இல்லை. யோசனை ஆருடையது என்று ரீச்சரைக் கேட்டால் அவ ஒளிக்காமல் சொல்லுவா, சொல்லியும் இருக்கிறா. ஆகவே எல்லாரும் வாசிக்கிற இந்த இடத்தில் கேட்கிறேன்: அனுசரணை வேண்டாம், கடைச் சின்னமும் வேண்டாம். பலகையில் ரீச்சரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'யோசனை' என்று எழுதி என் பெயரைப் போடுங்கள். பெயின்ட் காய்வதற்கு முன் போடுங்கள்.