பால்வெள்ளைக் கண்ணாடியும் என் சிவப்பு மையும்

கண்ணாடிப் பொடியைக் குழைத்துப் பீங்கான் தகடுகளை ஒட்டும் தொழிலில், முதல் நாளே எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்பவரை நம்பாதீர்கள்; ஒன்றரை ஆண்டு கழித்தும் எனக்கு விளங்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்வழிப் பள்ளியில் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் பிறர் தொழிலில் போய் மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணாடியா, பீங்கானா?

மாட்டுங்காவில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் பொறியாளர் சங்கரன், தேவ்நாரில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறார். பதிவேடு எழுதவும் செய்முறைகளைத் தமிழில் எழுதி வைக்கவும் என்னை அழைத்தார். அங்கே உருவாவது, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்துக்கான பீங்கான் தகட்டு அடுக்கு. தகட்டின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டும் நேராகக் கலந்துவிடக் கூடாது. ஆகவே விளிம்புகளைக் கண்ணாடிக் குழைவால் அடைத்து உலையில் ஏற்றுகிறார்கள்.

ரப்பர் வைத்து அடைக்கலாமே என்றேன். மின்கலம் வேலை செய்யும் சூட்டில் ரப்பர் புகையாகிவிடும் என்றார். அப்படியானால் கண்ணாடியும் இளகாதா? அதற்காகத்தான் இரண்டு சூடாம். முதல் சூட்டில் கண்ணாடி இளகி ஒட்டும். அதைவிடக் கூடிய இரண்டாம் சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்தால், உள்ளே படிகங்கள் விளைந்து கெட்டிப்பட்டுவிடும், பிறகு இளகாது. சூடேற்றினால் இளகும் பொருள் இன்னும் சூடேற்றினால் இறுகுமா? மூன்று முறை கேட்டேன்.

“இட்லி மாவு வேகறச்சே கெட்டியாறதோன்னோ டீச்சர், அது மாதிரின்னு வெச்சுக்கோங்கோ. ஆனா அது மாதிரி இல்லே,” என்றார் சங்கரன்.

கரும்பலகை

செய்முறையைச் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதினேன். ‘இரண்டாம் வெப்பநிலையை எய்திய பின்னர், இரண்டு மணி நேரம் மாறாது காக்க.’ ‘எய்திய’ என்ற சொல்லைச் சற்று யோசித்தே தேர்ந்தேன்.

உலையைக் கவனிப்பவர் இசக்கியம்மாள். தாராவியிலிருந்து வருபவர், முன்பு பானைச் சூளையில் பல ஆண்டுகள் நெருப்போடு பழகியவர். அவருக்கு இங்கே மூன்று மாதத் தற்காலிக வேலை. மூன்றாம் மாதக் கடைசியில் அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பதைச் சங்கரன் என் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்வார். அந்தப் பொறுப்பு எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இசக்கி பலகையை ஒரு நிமிடம் பார்த்தார். உலையை அவர் ‘பட்டி’ என்றே சொல்வார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சரம்மா. ஆனா இந்தப் பட்டிக்குப் படிக்கத் தெரியாதுல்லா? அது என்ன சொல்லுதுன்னு நாமதான் பாக்கணும்.”

ஒரு பாடவேளை

ஒரு பிற்பகல் இசக்கியை மகளின் பள்ளியிலிருந்து அழைத்துவிட்டார்கள். உலைக்குள் ஆறு அடுக்குகள். முதல் சூடு முடிந்திருந்தது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மூன்று மணிக்குக் குமிழை இரண்டாம் சூட்டுக்குத் திருப்பினேன். ஐந்து மணிக்கு அணைத்தேன். ஒரு நிமிடம் பிசகவில்லை. பள்ளியில் மணி அடித்த கணத்திலிருந்துதானே பாடவேளை? பிள்ளைகள் அடங்கி அமர்ந்ததிலிருந்தா கணக்கிட்டோம்?

சங்கரன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “கரெக்ட் டைமுக்கு ஆஃப் பண்ணிட்டேளா? நீங்க இருந்தா எனக்கு நிம்மதி டீச்சர்.”

சிவப்பு மை

மறுநாள் சங்கரன் வெளியூர் போனதால், அடுக்குகளைத் தரம் பிரித்துப் பதியும் வேலையும் எனக்கு வந்தது. அதுவரை அவர் சொன்னதை எழுதியவள். முடிந்த அடுக்கை அருகில் பார்த்ததே இல்லை. இரண்டு தட்டுகள் இருந்தன. என்னுடைய ஆறிலும் விளிம்பு தெளிந்த நீர்போல மின்னியது. அதற்கு முந்தைய நாள் இசக்கி செய்த ஆறும் பால் சிந்திக் காய்ந்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. என்னுடையவற்றுக்கு ‘மிக நன்று’ என்று எழுதினேன். இசக்கியின் ஆறுக்கும் சிவப்பு மையில் ‘பழுது’.

அப்போது சங்கரன் ரயிலிலிருந்து பேசினார். இசக்கியின் ஆறும் பழுது என்றேன். “ஆறுமா? அப்போ வேற ஆளைத்தான் பார்க்கணும்,” என்றார். காரணம் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. அருகில் நின்ற இசக்கிக்கும் அது கேட்டுவிட்டது. முகம் சுண்டிப்போய், என் தட்டிலிருந்து ஓர் அடுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“வெளுத்தாத்தான டீச்சரம்மா வெந்துருக்குன்னு அர்த்தம்? ஒங்களது பச்சையால்லா இருக்கு!”

பொறாமை என்று நினைத்தேன். இரவெல்லாம் குழப்பமாகவும் இருந்தது.

முள் இறங்கியது

சங்கரன் திரும்பியதும் இரண்டு தட்டுகளையும் சூடேற்றி, வாயுவைச் செலுத்தி, அழுத்தமானியைப் பார்த்தார். இசக்கியின் ஆறிலும் முள் அசையவில்லை. என் அடுக்குகளில் சூடு ஏற ஏற முள் இறங்கியது. படிகம் விளையாத அந்தத் தெளிந்த கண்ணாடி மறுபடி இளகி வழிந்திருந்தது.

“பழைய உலை டீச்சர். ரெண்டாம் சூட்டுக்கு ஏறவே ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். எப்போலேர்ந்து எண்ணினேள்?”

குமிழைத் திருப்பியதிலிருந்து என்றேன். அவருக்குப் பின்னால் கரும்பலகையில் ‘எய்திய பின்னர்’ என்று என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

பதிவேட்டில் ஒருபோதும் அடித்தல் திருத்தல் செய்யாதவள் நான். அன்று செய்தேன். இசக்கியின் ஆறுக்கும் ‘மிக நன்று’. என் ஆறுக்கும் சிவப்பு மையில் ‘பழுது’, பக்கத்தில் என் முழுப்பெயர். சங்கரன் அதை வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து இசக்கி நிரந்தரம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டார். இசக்கியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் என் தட்டைத் தூக்கிக்கொண்டு உலைப் பக்கம் நடந்துவிட்டார்.

“விடுங்க டீச்சரம்மா. பாஸான ஆறு பிள்ளைய ஃபெயிலாக்குனிய, அதுக்கு ரீ-எக்ஸாம் வச்சு மார்க்கும் போட்டாச்சு. ஒங்க ஆறையும் இன்னொருக்கா ஏத்திப் பாப்போம். இந்தத் தடவ மணிய நான் அடிக்கேன்!”

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை பாடவேளைகளை, வகுப்பு சூடு பிடிக்கும் முன்பே மணி பார்த்து முடித்து எழுந்து போனேன் என்ற கணக்குத்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.