நிற்காத சோறு

இன்று காலை பழைய சோற்றுப் பானையைத் திறந்ததும் எழுந்த புளித்த வாசம், ஒரே ராத்திரியில் எரிந்துபோய் இப்போது இறால் குட்டையாகிவிட்ட எங்கள் தெருவுக்கு என்னை இழுத்துப் போனது. கடைமடை ஊர், ஆற்றுத் தண்ணீர் எங்களிடம் வந்து சேர்வதற்குள் வண்டலை இழந்து வெளுத்துவிடும், வரப்போரம் உவர் பூத்துக் கிடக்கும், அந்த மண்ணில் விளைந்து கூலியாக வந்த நெல்லைச் சோறாக்கினால் நீராகாரம் வெறும் தண்ணீராகவே இருக்கும். ஆற்றங்கரை ஊருக்கு நடவுக்குப் போகும் நாட்களில் அம்மா அங்கே சாப்பிட்ட சோறு உச்சிவெயில் வரை வயிற்றில் "நிக்கும்". எங்கள் ஊர்ச் சோறோ நாலு முடி நாற்று நடுவதற்குள் கரைந்துவிடும், குனிந்த பெண்களுக்குக் கண் இருட்டும்.

தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கொடி ஏற்றிய வருஷம், களத்தில் கூலி நெல் அளக்கும்போது அம்மா மிராசுதாரிடம் சொன்னாள்: "இந்த மண்ணு நெல்லு வயித்துல நிக்கலீங்கய்யா. ஒரு படி கூடப் போடுங்க."

நெல் அளந்துகொண்டிருந்த ஆளின் கை அப்படியே நின்றது. மிராசுதார் கோபப்படவில்லை. பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த தன் காரியக்காரர் பக்கம் திரும்பி, எங்கள் தெருவில் எத்தனை வீடு, எல்லாம் கீற்றுக் கூரைதானா என்று மட்டும் கேட்டார்.