நீலம் படிந்த வில்லைகள்

பத்தொன்பது வருஷமாக அவள் கரண்டியை இரண்டு முறை துடைத்து வந்தாள். ஈரத்துணியால் ஒன்று, காய்ந்த துணியால் ஒன்று. மின்உலைக்கு உதிரிபாகம் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'ரெண்டுதரம்' என்றாகிவிட்டது.

மாவு நிறுப்பது அவள் வேலை. வெள்ளை ஆக்சைடு மாவை அச்சில் அழுத்திச் சுட்டால் வெள்ளை வில்லை. அதில் மின்சாரம் ஏறாது; சூட்டுக்கம்பியின் மின்சாரம் உலையின் தகரத்துக்குப் பாயாமல் தடுப்பது அதுதான். அதே மாவில் நூற்றுக்கு ஒரு பங்கு நியோபியம் என்ற உலோகத்தின் பொடியைக் கலந்து சுட்டால் நீலம் பாய்ந்து, உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும்.

"பஸ்ல எல்லாரும் சீட்ல உட்கார்ந்திருந்தா யாரும் நகர மாட்டாங்க. கூடுதலா நாலு பேர் ஏறினா, இடமில்லாம முன்னும் பின்னும் அலைவாங்க. அந்த நாலு பேர்தான் கரண்ட். கரண்டியில ஒட்டின பொட்டே போதும்," என்று சோதனைக்கூடத்து மேடம் ஒருமுறை சொல்லியிருந்தார்.

அன்று நியோபியம் நிறுத்து முடித்தபோது அக்காவிடமிருந்து போன். பேசிவிட்டு வந்து, பன்னிரண்டு வில்லைக்கான வெள்ளை மாவை அள்ளினாள். கரண்டியைத் துடைத்தோமா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

மூன்றாம் நாள் வில்லைகள் நீலச்சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. உலைப்புகை படிந்த நிறம் என்றார்கள். அக்காவின் கணவர்தான் அங்கே ஃபிட்டர். சூட்டுக்கம்பிக்கு அடியில் வில்லைகளைப் பொருத்திவிட்டு, வழக்கம்போல் இடது கையை உலையின் தகரத்தில் ஊன்றிக்கொண்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சொன்னால் வேலை போகும். அவர் வாங்கிக்கொடுத்த வேலை. சொல்லாவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"அத்தான், சுவிட்சைப் போடாதீங்க."

"என்ன ரெண்டுதரம், இன்னிக்கு வாயெல்லாம் திறக்குது?"

"வில்லையை மீட்டர்ல பாருங்க. கரண்டியைத் துடைக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு."

"உனக்குச் சந்தேகம் கூடப்பிறந்ததாச்சே."

சிரித்தபடி அவர் கை சுவிட்சுக்குப் போனது. அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரைத் தொட்டதே இல்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

மின்சாரம் பாய்ந்தால் கத்தும் மீட்டரின் இரண்டு முனையையும் ஒரு வில்லையில் வைத்தார். 'கீ' என்று நீளமாகக் கத்தியது. அடுத்ததும் கத்தியது. பன்னிரண்டும் கத்தின. ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே," என்றார் கடைசியில்.

வேலை போகவில்லை. இப்போது நியோபியத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. மீட்டரில் பார்க்காமல் எந்த வில்லையும் உலைக்குள் போவதில்லை. அவள் போனை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறாள். கரண்டியை மூன்று முறை துடைக்கிறாள்.