சேலைத் தடுப்பு

புது மோட்டார் சைக்கிளுக்கு என் கணவர் செஞ்சிக் கடைத்தெருவில் ஹாரன் வாங்கினார். கைக்குழந்தையோடு பின்னால் ஒருக்களித்து உட்கார வேண்டியவள் நான். சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பக்கவாட்டில் மாட்டும் கம்பித் தடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது விழுப்புரத்துலதாம்மா கெடைக்கும்," என்றார் கடைக்காரர்.

"அதுக்கின்னா, இப்பவே வண்டில போய் வாங்கியாந்துடலாம்," என்றார் கணவர்.

தடுப்பு வாங்கவே தடுப்பில்லாமல் போக வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"புது வண்டிய வெச்சிக்கினு பஸ்ஸா? ஊரே சிரிக்கும்."

கடைக்காரர் ஹாரனை மாட்டி முடிப்பதற்குள், அவரிடமே சணல் கயிறு வாங்கி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலையோடு இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கோட்டை மலையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வண்டி சாய்ந்தால், கட்டிய கால்களோடு குழந்தையை எப்படிக் காப்பாற்றுவேன்?

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவர் புது ஹாரனை அடித்துக்கொண்டே போனார்.