சித்தி கட்டிய மேம்பாலம்

எங்கள் குடும்பத்தில் எனக்கு இடது வலது தெரியாதவள் என்று ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நான விருந்தில் யாராவது கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டு, நானும் பாவமாகக் கை காட்டிவிட்டால் போதும், மாமா ஆரம்பித்துவிடுவார். "அவளாண்ட போய்க் கேட்டியா? அவ லெஃப்ட்டுன்னு சொன்னா நீ ரைட்டுல போ." பந்தியே சிரிக்கும். சர்க்யூட் போர்டு வரைவதுதான் இன்று எனக்குச் சோறு போடும் வேலை. அதில் இடது வலது தெரியாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. ஆனாலும் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் என் தலையில் ஏறிய அந்தப் பெயர் இன்னும் இறங்கியபாடில்லை.

எல்லாம் ஒரு டிவி கேமால் வந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் போய் வந்துகொண்டிருந்த அவருடைய நண்பர் ஒருவர், தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஜப்பானில் வாங்கிய அந்தப் பெட்டியை எங்களுக்குக் கொடுத்தார். எங்களிடம் வரும்போதே அதற்கு நல்ல வயது. ராயபுரத்துப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டரில் போய் விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் கேசட்டை எடுத்து, வாயால் ஊதி, திரும்பச் செருகி, மூன்றாவது தடவையில் படம் வந்தால் கைதட்டிக்கொண்டிருந்தோம். அதன் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் பெட்டியோடு சேர்த்தே செய்யப்பட்டவை. கழற்றி வேறு மாட்ட முடியாது. அடுத்த தெருவிலிருந்த மாமாவின் இரண்டு பையன்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ஆளுக்கொன்றைப் பிடுங்கி, பந்தயத்தில் கார் திரும்பும்போதெல்லாம் தாங்களும் சேர்ந்து திரும்பி, இரண்டையும் ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

ஓடாத சாமான் வீட்டில் இருப்பது அம்மாவுக்கு ஆகாது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் அது ஓடவில்லையென்றால் கொருக்குப்பேட்டை காயலான் கடைக்குப் போய்விடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். என் மூன்று சக்கர சைக்கிளும் அப்படிப் போனதுதான். நான் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

என்னை எழுப்பியது சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, வகுப்பிலேயே முதலாவதாக வந்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை அண்ணன் என்ற முறையில் மாமா எடுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்திலோ ரயில்வேயிலோ நிரந்தர வேலை, மாதா கோயிலுக்கு ஒழுங்காக வருகிற குடும்பம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் சித்திக்கு எங்கிருந்தோ தலைவலி வந்துவிடும்.

சித்தி டிவி கேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் நெற்றியில் பதினைந்து பொடி ஓட்டைகளோடு ஒரு வாய் இருந்தது. நாங்கள் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தோம். அதில் புதிதாக ஒரு ஜாய்ஸ்டிக் செய்து மாட்டலாம் என்றாள். எட்டு சுவிட்ச், ஒரு சிப், எல்லாவற்றையும் சேர்க்க ஒரு போர்டு. கடையில் கிடைக்காது, நாமே போடவேண்டியதுதான் என்றாள். அடை போடுவது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டுத் தரை முழுக்கக் கட்டம் போட்ட காகிதம். சித்தி பென்சிலால் கோடு போடுவாள், முறைப்பாள், அழிப்பாள். எந்தக் கோடும் இன்னொரு கோட்டைத் தொடக்கூடாது, தொட்டால் இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினாள். கடைசியில் ரிச்சி தெருவில் வாங்கிய செம்புத் தகட்டின் மேல் கார்பன் தாள் வைத்து அதைப் பதித்தாள். பதிந்த கோடுகளின் மேல் நெயில் பாலிஷ் பூசும் வேலை எனக்கு. பாலிஷ் பட்ட இடம் பிழைக்கும், மற்ற செம்பையெல்லாம் மருந்துத் தண்ணீர் தின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்பு எதையும் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. இதை நான் பின்னால் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

மருந்துத் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் அதை ஊற்றித் தகட்டைப் போட்டு, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ஆட்டாவிட்டால் செம்பு திட்டுத் திட்டாக நின்றுவிடும். நானே ஆட்டுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சித்தி வேண்டாம் என்றாள்.

"கை வலிக்கும்டி. கடல் சும்மாதானே ஆடிக்கினு கீது, அது ஆட்டட்டும்."

இப்படி ஒரு யோசனை ராயபுரத்துக்காரிக்குத்தான் வரும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. டப்பாவை மூடி, மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்குப் போனோம். மாமாவின் ஃபைபர் படகு கரையோரம் கட்டியிருந்தது. முட்டிவலி வந்ததிலிருந்து மாமா கடலுக்குப் போவதில்லை. எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்து படகை ஓட்டினார். நான் அவரை டிரைவர் அண்ணன் என்பேன். நல்ல உயரம், பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கொடுத்தனுப்பும் மீனை எங்கள் வீட்டு வாசலில் நின்று கொடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார். ஆடி மாதம் தன் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் எனக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். உள்ளே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, யாரும் சொன்னதுமில்லை.

அவர் டப்பாவை வாங்கி, படகின் நடுப்பகுதியில் வலைமேல் சமமாக வைத்தார். சித்தி மருந்தை ஊற்றினாள். படகு தொட்டிலாக ஆடியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போகாது என்று சித்தி என்னை சுண்டல் வாங்க அனுப்பினாள். நான் சுண்டல்காரரிடம் மாங்காய்த் துண்டுக்காக வழக்காடி ஜெயித்துத் திரும்பினால், கரையில் சித்தி மட்டும் நிற்கிறாள். படகைக் காணோம்.

எண்ணூருக்கு நேரே கவளை மீன் கூட்டமாகப் போகிறது என்று மாமாவுக்கு போன் வந்ததாம், அவர் உடனே கிளம்பச் சொன்னாராம், கயிற்றை அவிழ்த்த அவசரத்தில் டப்பாவும் போய்விட்டது. அரை மணி நேரத்துக்குமேல் ஊறினால் பாலிஷுக்கு அடியில் இருக்கும் செம்பையும் மருந்து தின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சித்திதான். நான் சுண்டலைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். டிவி கேம் சாக்கு மூட்டையில் போவது கண்ணுக்குத் தெரிந்தது. சித்தி பதறவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, "அவரு எடுத்து வெச்சிருப்பாரு, வா" என்றாள். படகில் வேலை செய்கிறவரை வீட்டில் எல்லோரும் அவன் என்றுதான் சொல்வார்கள்.

சாயங்காலம் படகு வந்தது. நிறையக் கவளை. மாமா கூடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, டிரைவர் அண்ணன் என்னிடம் வந்து, துவைத்து மடித்த ஒரு துண்டைப் பிரித்தார்.

"பாப்பா, உன் தகடு. பத்திரமா கீது."

பொன் மாதிரி மின்னியது. ஒரு கோடுகூட அறுபடவில்லை. படகில் இருந்த குடிதண்ணீரில் இரண்டு தடவை கழுவியிருந்தார். உப்புத் தண்ணீர் பட்டால் பச்சை பூத்துவிடும் அல்லவா. நடுக்கடலில் குடிதண்ணீரைத் தகடு கழுவ ஊற்றினவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மாமா கூடையைத் தூக்கிக்கொண்டே திட்டினார். நான் டிரைவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். நல்லவேளை, அதிர்ஷ்டசாலி நான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சித்தி பற்றவைத்தாள். பழைய டிபன் டப்பா ஒன்றுதான் ஜாய்ஸ்டிக்கின் உடம்பு. நடுவில் கைப்பிடிக்கு உடைந்த துடுப்பிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு. அதையும் டிரைவர் அண்ணன்தான் இழைத்துக் கொடுத்திருந்தார். போர்டின் ஓரிடத்தில் சித்தி ஒரு சின்ன சிவப்புக் கம்பியை வளைத்து, ஒரு கோட்டுக்கு மேலாகத் தாண்டவிட்டுப் பற்றவைத்தாள். அது எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டு ரோடு குறுக்க போவுதுல்ல? அதான் மேம்பாலம் கட்டிக்கினு கீறேன்."

சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சித்தி வரவில்லை, தலைவலி. நாங்கள் திரும்பியபோது டிவி முன்னால் எல்லாம் தயாராக இருந்தது. அம்மா ஒரு சாக்கை மடித்துக் கதவோரம் வைத்திருந்தாள். மாமாவும் பையன்களும் வந்து உட்கார்ந்தார்கள். நான்தான் பொத்தானை அழுத்தினேன். படம் வந்தது, பாட்டு வந்தது, கார் கிளம்பியது. முதல் வளைவில் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினேன். கார் வலப்பக்கம் போய் மரத்தில் மோதியது.

மாமாவின் பெரிய பையன் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். அதே மரம். சின்னவன் ஒரு மரம் தாண்டி அடுத்த மரம். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கிறது என்று அப்பா கண்டுபிடித்தார். எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி என்னைப் பார்த்தாள்.

"கொழந்ததானே பாலிஷ் பூசுச்சி. மாத்திப் பூசியிருக்கும்."

அவள் பதித்த கோட்டின்மேல்தானே பூசினேன்? பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். அம்மா சாக்கை எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் மீனோடு டிரைவர் அண்ணன்.

இதற்குள் மாமா, என்னதான் அது பார்ப்போம் என்று கைப்பிடியைப் பிடித்திருந்தார். கார் கிளம்பியது. வளைவு வந்தது. அழகாகத் திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. மாமாவுக்கே ஆச்சரியம். பிறகு அவர் முகம் மலர்ந்தது. படகின் சுக்கானும் இப்படித்தானே, கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும், இருபத்தைந்து வருஷம் பிடித்த கை இது என்று பையன்களைப் பார்த்து மார்தட்டினார். திரையின் மூலையில் ஓடிய தூரக் கணக்கு அவர்கள் இருவரும் கனவிலும் காணாத எண்ணைத் தொட்டபோதுதான் ஒரு லாரியில் மோதினார். அம்மாகூடக் கைதட்டினாள், சாக்கை இடுக்கிக்கொண்டே.

உற்சாகத்தில் மாமா வாசலைப் பார்த்தார்.

"இன்னா நைனா அங்கியே நிக்கிற? வா, வந்து உக்காரு. நீ ஒரு கை போடு."

டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அவர் ஓட்டியதை ஓட்டுவது என்றே சொல்லக்கூடாது. கார் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. பையன்கள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். மாமாவின் எண்ணை நெருங்கிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வளைவு. நான் எழுந்து நின்று கத்தினேன். வளைவுகூட இல்லை, நேர்ரோடு, அதில் ஓரமாக நின்ற லாரியைத் தேடிப்போய் இடித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. தன் கைக்கு அடுத்த கை இவன் கைதான் என்று அவர் தோளில் தட்டி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். சித்தி கவளைக் குழம்பு பரிமாறினாள். தலைவலி போன இடம் தெரியவில்லை. சாக்கு சமையலறைக்குத் திரும்பிப் போனது. அன்று மாலை சித்தி என்னைத் தனியாகக் கூட்டிப்போய் பர்மா நூடுல்ஸ் கடையில் அத்தோ வாங்கிக் கொடுத்தாள், முட்டை போட்டு. பழி சுமந்ததற்குக் கூலி என்று எனக்கு அப்போது தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார், மாமாவிடம் நூலிழையில் தோற்றார். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு மெல்லக் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். அவ்வளவு நல்ல பையனை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினோமே என்று மாமாவே சொன்னார்.

கல்லூரியில் முதல் தடவையாக ஒரு போர்டை நிஜமாகவே இடம் வலம் மாற்றிப் போட்டேன். கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிட்டது. சிப்பின் கால்கள் எல்லாம் மாறிப்போய், ஒரு விளக்குகூட எரியவில்லை. அப்படித்தான் ஆகும், மொத்தமும் செத்துப்போகும். வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த டிபன் டப்பாவைத் திறந்தேன். எங்கள் ஜாய்ஸ்டிக்கில் மேலே கீழே சரியாக இருந்தது, பொத்தான்கள் சரியாக இருந்தன. இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தன. அந்த இரண்டு கோடுகளும் நேராகவே போயிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. நேராகப் போயிருந்தால் அந்த சிவப்புக் கம்பிக்கு வேலையே இல்லை. மெனக்கெட்டு ஒன்றின்மேல் ஒன்றைத் தாண்டவிட்டு, அதற்கென்று மேம்பாலம் கட்டிப் பற்றவைத்திருந்தாள் வகுப்பிலேயே முதலாவதாக வந்த என் சித்தி.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். சித்தி கம்பியைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

மாமாவிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சித்தப்பா தேடிப்போய் இடித்த அந்த லாரி விஷயம் தெரிந்தால் மனிதர் தாங்கமாட்டார். அதனால் விருந்துகளில் அவர் என்னைக் கேலி செய்யும்போது நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். அன்று மத்தியானம் மடித்த சாக்கு சமையலறைக்குள் திரும்பிப் போனதைப் பார்த்து, நம்முடைய டிவி கேம் பிழைத்துக்கொண்டது என்றுதான் அந்த நான்காம் வகுப்புச் சிறுமி துள்ளிக் குதித்தாள். அந்த வீட்டில் அன்று பிழைத்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு.